மைனஸ் ஆறேகால்

"என்னங்க, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து மனைவி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

அது காகிதம் என்பதே அவனுடைய ஊகம்தான். வெள்ளையாக ஏதோ ஒன்று, நடுவில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மூட்டம். அதற்குமேல் அவன் கண்ணுக்கு எதுவும் எட்டவில்லை. மூக்கில் முட்டுமளவு கொண்டுபோனால் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் மூக்கால் படிக்கிற மனிதனைப் பார்த்து இவனுக்குக் கண் பழுதில்லை என்று யார் நம்புவார்கள்? மனைவியிடம் அவன் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான்.

காகிதத்தை வாங்கிக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு, படிக்கிறவன் போல் தலையை இடமும் வலமுமாக நான்கு முறை அசைத்தான்.

"மெத்தை விளம்பரம்" என்று சொல்லிக் கசக்கிப் போட்டான்.

"அப்படியா" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அவனுக்கு ஒரு மாநிறப் பந்தாகத்தான் தெரிந்தது. பந்து சிரிக்கிறதா முறைக்கிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

மறுநாள் காலை தலையிலிருந்து கழுத்துவரை சோப்பு நுரையோடு நின்றபோது குழாய் இருமியது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நின்றும் போனது. மாடி வீட்டுக்காரர் படிக்கட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போவது காதில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறார்களாம். எல்லா வீட்டுக்கும் முந்தின நாளே எழுதிக் கொடுத்தாயிற்றாம்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து மனைவிதான் அவன் தலையில் ஊற்றினாள். பாதித் தண்ணீர் தோளுக்கு வெளியே விழுந்தது. கோபம்போல என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆனால் மெத்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் போடாமல் அவன் இருக்கத் தொடங்கி அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது. இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பத்து வயதில் கண்ணாடி போட்டவன். அச்சகத்தில் எல்லோருக்கும் அவன் 'சோடாபுட்டி'தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். அவன் சிக்கனமானவன், ஒரே ஒரு பொய்தான் சொன்னான். பெண் பார்க்கப் போன அன்று லென்ஸ் போட்டுக்கொண்டு போயிருந்தான். பெண்ணின் அப்பா முப்பத்து நான்கு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். தங்கள் பரம்பரையிலேயே கண்ணாடி போட்ட ஆள் கிடையாது என்றார். அரை மைல் தள்ளி வருகிற வண்டியின் எண்ணைத் தன் பெண் சொல்லிவிடுவாள் என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "உங்க கண்ணு எப்படி, மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"ஆறுக்கு ஆறு, மாமா" என்று அவன் சொல்லிவிட்டான்.

அதில் ஆறு என்ற எண் மட்டும் உண்மை. அவன் பார்வை மைனஸ் ஆறேகால்.

கல்யாணமாகி ஐந்து மாதம் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தான். அவள் எழுவதற்குமுன் எழுந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு லென்ஸைப் போடுவான். விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எத்தனை நாளைக்கு மறைக்க முடியும் என்று அவன் கலங்கிக் கிடந்த சமயத்தில்தான் ஒரு கண் மருத்துவமனையின் துண்டுப் புத்தகம் அச்சுக்கு வந்தது. பிழை திருத்த அவன் மேசைக்கே வந்தது.

லேசர் கதிரால் இன்று என்னென்ன செய்கிறார்கள் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. சிறுநீரகக் கல்லை உள்ளேயே தூளாக்குகிறார்கள். புடைத்த காலின் நரம்பைச் சுட்டு அடைக்கிறார்கள். தொண்டைக் கட்டியை ரத்தம் சிந்தாமல் ஆவியாக்குகிறார்கள். கடைசிப் பக்கத்தில் கண். கருவிழியின் மேல்பரப்பை மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் இழைத்து வளைவைச் சரிசெய்துவிடுகிறார்களாம். கண்ணாடி, லென்ஸ் எதுவும் வேண்டாமாம். அதை அவன் நான்கு முறை படித்தான். முதல் மூன்று முறை பிழைக்காக. புத்தகம் அச்சாகி அந்த வட்டாரத்து வீடுகளின் கடிதப்பெட்டிகளிலெல்லாம் விழுந்த அன்றே அவன் மருத்துவமனைக்குப் போனான்.

கண் டாக்டர் அம்மாள் நிதானமானவர். லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும் என்றார். லென்ஸ் இல்லாமல் பதினான்கு நாள் இருந்தால்தான் கருவிழி தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பும். அப்போது எடுக்கிற அளவுதான் சரியான அளவு. அளவு தப்பினால் லேசர் தப்பான கணக்கில் இழைத்துவிடும். இழைத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அறுவை சிகிச்சை புதன்கிழமைகளில் மட்டும். அதுவரைக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்.

அச்சகத்தில் போட்டுக்கொள்ளலாம். பழைய சோடாபுட்டிக் கண்ணாடி அங்கேயே மேசை டிராயரில் இருந்தது. வீட்டில் என்ன செய்வது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

அச்சகத்தில் இந்த ரகசியம் தெரிந்தவர் ஒரே ஒருவர். பைண்டிங் பிரிவில் முப்பது வருடமாகக் காகிதக் கட்டுகளை வெட்டிக்கொண்டிருக்கும் பைண்டர் அண்ணன். மெத்தை விளம்பரக் கதையைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் யோசித்தார்.

"தம்பி, உன் வீட்டுல சந்தேகம் வந்தாச்சு. படிச்சுச் சொல்லுன்னு சும்மா கேப்பாங்களா? பரீட்சை வைக்கிறாங்க" என்றார். "நீ முந்திக்கோ. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீ கேளு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவன் முந்திக்கொண்டான். செய்தித்தாளை மனைவியிடம் நீட்டி, கண் எரிகிறது, தலைப்புச் செய்தியை மட்டும் படியேன் என்றான். அவள் வாங்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கை காய்ந்துவிட்டதா என்று கேட்டான். அடுப்பில் பால் இருக்கிறது என்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அது இருவருக்குமே தெரியவில்லை, வாடைதான் சொன்னது.

மறுநாள் இதைக் கேட்ட பைண்டர் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். அவள் வலையில் விழ மறுக்கிறாள், கெட்டிக்காரி என்றார். வீட்டுக்குள் இருந்தால் ஆபத்து, வெளியே கூட்டிப் போ, வெளியில் காகிதம் நீட்ட மாட்டார்கள் என்று அடுத்த யோசனையும் அவரே சொன்னார்.

எட்டாம் நாள் சாயங்காலம் அச்சகத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் சந்தித்துக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டது. மனைவி மஞ்சள் குடை எடுத்து வருவாள் என்பது ஒன்றுதான் அவனுக்குத் துணை. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு நின்றான். எதிர்ச்சாரியிலிருந்து மஞ்சளாக ஒன்று மிதந்து வந்தது. அவன் ஓடிப்போய்க் குடைக்குள் புகுந்து, அவள் கைப்பையை உரிமையோடு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நனைந்துவிட்டாயா என்று கேட்டபடி பத்தடி நடந்தும்விட்டான்.

குடைக்காரி கத்தியபோதுதான் குரல் வேறு என்று தெரிந்தது.

நிறுத்தத்தில் நின்ற கூட்டம் முழுவதும் அவனைச் சுற்றிக்கொண்டது. பையைக் கொடு என்றார்கள். கொடுத்தான். போலீஸைக் கூப்பிடு என்று ஒருவர். பார்த்தால் படித்தவன் மாதிரி இருக்கிறான் என்று இன்னொருவர். பெண்டாட்டி என்று நினைத்துவிட்டேன் என்று அவன் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. ஆடு திருடினவன் அது என் ஆடு மாதிரியே இருந்தது என்று சொல்லக் கேட்டதுபோல் எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் அச்சகக் காவலாளி ஓடிவந்து, இவர் எங்கள் பிழைதிருத்துபவர், தப்பு செய்யத் தெரியாதவர் என்று சாட்சி சொல்லி மீட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு உண்மையான மஞ்சள் குடை வந்தது. அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டான்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இங்கேயா நின்னீங்க?"

அந்தக் கேள்வியின் குத்தல் அவன் நெஞ்சில் இறங்கியது. கடைக்குப் போகாமலே இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். படிக்கட்டில் அவனை முன்னால் ஏறச் சொல்லி, அவன் தோளில் கை வைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். தடுமாறுகிறேனா என்று கைவைத்தே பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு படியாக மனசுக்குள் எண்ணியபடி ஏறினான். பதினேழாவது படி இருக்கும் என்று நினைத்து வெறும் தரையில் காலைத் தூக்கி வைத்ததில் நெற்றி கதவில் இடித்தது. அவள் நெற்றி அவன் முதுகில் இடித்தது.

பதினொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்துவிட்டார்.

கிணறு வெட்டப் பூதம் வந்ததென்றால், இந்தப் பூதம் பரிசோடு வந்தது. வட்டமாக, தாள் சுற்றி ஏதோ கொண்டுவந்திருந்தார். தானே ஆணி அடித்து, கூடத்தின் அந்தக் கோடிச் சுவரில் தானே மாட்டினார். தாளைக் கிழித்துவிட்டு இந்தக் கோடிக்கு வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்.

"எப்படி இருக்கு, மாப்பிள்ளை?"

வட்டமான சட்டம். நடுவில் வெள்ளை. வெள்ளையில் கறுப்பாக இரண்டு மூன்று கோடுகள். சுவரில் மாட்டுகிற வட்டமான பொருள் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? தேநீர் குடித்து முடித்த நேரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டான்.

"பிரமாதம், மாமா. இவ்வளவு தூரத்திலிருந்தே தெளிவாத் தெரியுது. மணி நாலு இருபது."

உடனே பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஆமாப்பா. நாலு இருபதுதான்."

மாமனார் முதலில் மருமகன் பக்கம் திரும்பினார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். மகளை அதிக நேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றார். "அது என்னோட போட்டோ. எஞ்சினுக்கு முன்னாடி நின்னு எடுத்தது."

காலடியில் தரை நழுவுவது என்று அவன் எத்தனையோ புத்தகத்தில் பிழை திருத்தியிருக்கிறான். அன்றுதான் அனுபவித்தான். ஆனால் முங்குகிறவன் கைக்கு எப்படியோ ஒரு துரும்பு வந்துவிடுகிறது.

"தெரியும் மாமா. முப்பத்து நாலு வருஷம் ஒரு நிமிஷம் தவறாம வண்டி ஓட்டின முகம். உங்களைப் பார்த்தாலே மணி பார்த்த மாதிரி. அதைத்தான் வேடிக்கையாச் சொன்னேன்."

மனைவி சிரித்தாள். அவ்வளவு பலமாக அவள் சிரித்து அவன் கேட்டதேயில்லை. மாமனார் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு இருப்பதாகச் சொன்னவர், ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று உடனே கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, இரண்டு பேரும் தெருவில் பார்த்து நடங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று படுக்கையில் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அரை மைல் தள்ளி வண்டி எண் படிக்கிறவளுக்குச் சொந்த அப்பாவின் போட்டோ தெரியாதா? தெரிந்தும் நாலு இருபது என்றாள். புருஷனின் மானம் போகக் கூடாது என்று பெற்ற அப்பாவிடமே பொய் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. அவனுடைய ஒற்றைப் பொய்யை அவளும் சேர்ந்து சுமக்கிறாள். அவளை எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று பார்த்தான். இன்னும் மூன்றே நாள். கண் சரியாகிவிட்டால் சொல்வதற்கே ஒன்றும் இருக்காதே என்று கோழைப் புத்தி சொன்னது. கோழைப் புத்தியைத்தான் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை, புத்தகக் கண்காட்சிக்காக அச்சகத்திலிருந்து வெளியூர் அனுப்புகிறார்கள், இரண்டு நாள் ஆகும் என்று அவளிடம் சொன்னான். முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவது. அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தான். அவளோ, நல்லதாகப் போயிற்று, நானும் என் சிநேகிதி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். பெட்டியை அடுக்கும்போது அவள் கொஞ்சம் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். தன் முகத்தைப் பார்க்காமல் இருப்பது அவளுக்கு அவ்வளவு நிம்மதியா என்று அவனுக்கு வலித்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் மருத்துவமனையில் இருந்தான். கூட ஆள் இல்லாமல் அறுவை கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். ஆள், பைண்டர் அண்ணன். சிகிச்சை முடிந்ததும் அவர் வீட்டில்தான் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவன் உள்ளே போனான். துணைக்கு வந்தவர்கள் பார்ப்பதற்காக வெளியே ஒரு பெரிய திரை இருந்தது. அறுவை நடக்கிற கண்ணை அதில் காட்டுவார்களாம். தைரியமாப் போ தம்பி, நான் இங்கிருந்து பாத்துக்கிறேன் என்று பைண்டர் அண்ணன் வழியனுப்பினார்.

உள்ளே பச்சை அங்கி, பச்சைத் தொப்பி. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்காரச் சொன்னார்கள். அதற்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சுவரோரமாகப் பச்சையாக நான்கைந்து மூட்டைகள். எல்லாம் மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

மேசையில் படுக்கவைத்து முகத்தைத் துணியால் மூடி ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டார்கள். இமை மூடாமலிருக்க ஒரு கம்பி வளையத்தைப் பொருத்தினார்கள். வலிக்கவில்லை. வலிக்காததே பயமாக இருந்தது. இமைக்க நினைத்தான், இமை அவன் பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் அம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் லேசர் கருவிழியின் மேல் வெங்காயச் சருகு போல ஒரு படலத்தைப் பிரிக்கும். அதைப் புத்தக அட்டை போலத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டாவது லேசரால் உள்ளே இழைப்போம். பிறகு அட்டையை மூடிவிடுவோம். அது தானே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது பச்சை விளக்கைப் பார்ப்பது மட்டும்.

"கணக்கை ஒரு தடவை சத்தமாப் படிங்க" என்றார் உதவியாளரிடம்.

"வலது கண். மைனஸ் எட்டரை" என்றது ஒரு குரல்.

எட்டரையா? தான் தப்பாகக் கேட்டிருப்போமோ? படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா? பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. தன் கண்ணைப் பற்றி யார் என்ன தப்பாகச் சொன்னாலும் தலையாட்டியே ஐந்து மாதம் பழகியவன் அவன். இயந்திரம் எங்கோ உறுமத் தொடங்கியது. பதினொரு வருடம் பிழை திருத்திய நாக்கு தானாகப் புரண்டது.

"பிழை" என்றான்.

"என்ன சொன்னீங்க?"

"அது பிழை, டாக்டர். ஆறேகால். என் கண்ணு மைனஸ் ஆறேகால்."

உறுமல் நின்றது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு உதவியாளரின் குரல் வந்தது.

"அடுத்து வர்ற பேஷன்டோட அட்டை, டாக்டர். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சொருகியிருக்கு."

டாக்டர் அம்மாள் குரலை உயர்த்தவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கச் சொன்னார். அவனிடம் குனிந்து, வேறு ஆளின் எண்ணைப் போட்டால் உங்கள் கண்ணின் அளவோடு ஒத்துப்போகாமல் இயந்திரமே நின்றுவிடும், ஆனாலும் நீங்கள் சொன்னது நல்லது என்றார். அந்த 'ஆனாலும்' அவன் உள்ளங்கையை நனைத்துவிட்டது. தன் கண்ணைப் பற்றி ஒருவர் தப்பாகச் சொன்னதை வாழ்நாளில் முதல்முறையாக மறுத்து உண்மை சொல்லியிருக்கிறான். உண்மை பேசினால் இவ்வளவு பலன் உண்டென்று அவனுக்குத் தெரியாது.

ஒரு வளையம் வந்து கண்ணை அழுத்திப் பிடித்தது. உலகம் சாம்பலாகி, பிறகு இருண்டே போனது. இருபது வினாடி என்றார்கள். இருபதில் எத்தனை எண்ணினான் என்று அவனுக்கே தெரியாது. வெளிச்சம் திரும்பியதும் மேலே ஏதோ ஒன்று புரண்டது. பச்சை விளக்கு தண்ணீருக்குள் விழுந்த காசுபோல் நெளிந்தது. டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை. பொசுங்குவது தன் கண்தான் என்று புரிந்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அசையாதீங்க, நல்லாப் பண்றீங்க, இன்னும் பத்து, இன்னும் அஞ்சு என்று டாக்டர் அம்மாள் எண்ணினார். பிறகு அடுத்த கண். அதே இருட்டு, அதே வாடை.

எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு கண்ணிலும் பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டினார்கள். வீடு போய்ச் சேர்ந்து நான்கு மணி நேரம் தூங்கும்வரை கண்ணைத் திறக்கவே கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓய்வறை நாற்காலி ஒன்றில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

பைண்டர் அண்ணனைக் கூப்பிடுங்கள் என்றான்.

நர்ஸம்மா தயங்கினாள். முப்பது வருடம் கத்தியோடு வாழ்ந்த மனிதர், திரையில் மேசை அகலத்துக்கு ஒரு கண்ணைப் பார்த்திருக்கிறார். அதன் மேல்பரப்பு அட்டை போலத் திரும்பிய மாத்திரத்தில் அப்படியே பின்னால் சாய்ந்திருக்கிறார். நாற்காலி முனையில் தலை அடிபட்டு மூன்று தையல். இப்போது அவசரப் பிரிவில் படுத்திருக்கிறார். அவருக்குத்தான் ஒரு துணை வேண்டுமாம். அவர் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

அந்த ஓய்வறையில் ஒரு மணி நேரத்துக்குமேல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரமாகத் திறந்த கண்ணால் பார்க்க முடியாதது இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. மறைக்க மறைக்க எல்லாம் மோசமாகத்தான் போயிருக்கிறது. யாரோ ஒருத்தியின் கைப்பையைப் பிடுங்கினான். மாமனாரைச் சுவர்க் கடிகாரமாக்கினான். நல்ல மனிதர் ஒருவரின் தலையில் மூன்று தையல். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒருத்தி வீட்டில் நாலு இருபதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். போதும். நேரே வீட்டுக்குப் போவது. சிநேகிதி வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்வது. என்ன சொல்வாளோ, சொல்லட்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம், இனிமேல் முகம் தெரியும்.

டாக்டர் அம்மாள் வந்து கண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். துணை இல்லாததால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடும்படி டாக்ஸிக்காரரிடம் சொல்லி அனுப்புவதாக ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்பத்திரி ஆயாம்மா அவன் கையைப் பிடித்து வாசல் பெஞ்சுக்கு அழைத்துப் போனாள். பெஞ்சில் ஏற்கெனவே கண் மூடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் துணை வந்தவரும் அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டார், இடித்துவிடாதீர்கள் என்று எச்சரித்து உட்காரவைத்தாள். அவன் மரியாதையாக ஓரத்துக்கு நகர்ந்தான். அந்தப் பக்கத்திலும் யாரோ மரியாதையாக ஓரத்துக்கு நகர்வது கேட்டது.

டாக்ஸி வந்து நின்றது. ஒன்றுதான் வந்தது.

அவனுக்குப் பாவமாக இருந்தது. யார் வீட்டுப் பெண்ணோ, இவரும் யாரிடம் என்ன பொய் சொல்லிவிட்டு வந்து தனியாக மாட்டிக்கொண்டாரோ.

"முதல்ல அவங்க போகட்டும்" என்றான் ஆயாம்மாவிடம். "எனக்கு வேற வண்டி சொல்லுங்க."

பெஞ்சின் மறுகோடியில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

"எதுக்கு சார் ரெண்டு வண்டி?" என்றாள் ஆயாம்மா, கையிலிருந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு பேரோட அட்டையிலயும் ஒரே வீட்டு விலாசம்தானே போட்டிருக்கு."